விமானப் பணிக்குழுவில் சேர்பவருக்கு முதலுதவிப் பயிற்சி: எதை, எந்த வரிசையில் கற்பது

தரையில் ஒருவர் மயங்கி விழுந்தால், முதலுதவி செய்பவர் ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவரைக் காத்தால் போதும். நடுவானில் ஆம்புலன்ஸ் வருவதில்லை. ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தைத் தேடி விமானம்தான் போக வேண்டும். கீழேயே ஒரு விமான நிலையம் இருந்தாலும் உயரத்திலிருந்து இறங்கித் தரையைத் தொட இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். பெருங்கடலின் நடுவே என்றால் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரம் முழுவதும் நோயாளியின் பக்கத்தில் கட்டாயம் இருக்கப்போகிறவர்கள் கேபின் பணிக்குழுவினர் மட்டுமே. புதிதாக இப்பணியில் சேர இருப்பவர்கள் முதலுதவிப் பயிற்சியில் எதைக் கவனித்துக் கற்க வேண்டும், எதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1930 மே மாதம் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தில் பணியைத் தொடங்கிய முதல் விமானப் பணிப்பெண் எலன் சர்ச் ஒரு பதிவுபெற்ற செவிலியர். அவரோடு தேர்ந்தெடுக்கப்பட்ட மற்றவர்களும் செவிலியர்களே. இரண்டாம் உலகப் போரின்போது செவிலியர்கள் படைகளுக்குத் தேவைப்பட்டதால் அந்தத் தகுதி கைவிடப்பட்டது. இன்று எந்தப் படிப்பைப் படித்தவரும் இப்பணிக்கு வரலாம். முன்பு சில ஆண்டு செவிலியர் படிப்பு தந்த துணிவைச் சில நாள் பயிற்சி தந்தாக வேண்டியிருக்கிறது என்பதால், அந்த நாட்களை எதற்காகச் செலவிடுகிறோம் என்ற தெளிவு முதலிலேயே வேண்டும். நோய் இன்னது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. உயிருக்கு ஆபத்தா இல்லையா என்று பிரித்தறிவது, தேவையான கருவியை நொடிகளில் எடுத்துவந்து பயன்படுத்துவது, நடப்பதை விமானிக்கும் தரையிலுள்ள மருத்துவருக்கும் பிசகின்றிச் சொல்வது ஆகிய மூன்றும்தான் உங்கள் வேலை.

எத்தகைய நிகழ்வுகளை எதிர்பார்க்கலாம்

ஐந்து விமான நிறுவனங்களில் 2008 முதல் 2010 வரை நேர்ந்த ஏறத்தாழ 12,000 மருத்துவ நிகழ்வுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. அதன்படி 604 பயணங்களுக்கு ஒரு நிகழ்வு ஏற்பட்டது. அவற்றில் 37 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமானவை மயக்கம் அல்லது மயக்கம் வருவது போன்ற நிலை. 12 விழுக்காடு மூச்சுத் தொல்லை. ஏறத்தாழ 10 விழுக்காடு குமட்டலும் வாந்தியும். இதயம் நின்றுபோன நிகழ்வுகள் 0.3 விழுக்காடு மட்டுமே. விமானத்தைத் திருப்பிவிட நேர்ந்தது ஏறக்குறைய 7 விழுக்காட்டில்தான்.

இந்த எண்களைப் புதியவர்கள் இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். அன்றாடம் நீங்கள் சந்திக்கப்போவது மயக்கமும் வாந்தியும்தான். அவற்றைப் பதற்றமின்றிக் கையாளத் தெரிந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். ஆனால் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை, பணிக்காலம் முழுவதிலும் ஒருமுறைகூட நேராமல் போகக்கூடிய இதய நிறுத்தத்துக்குத்தான் ஒதுக்குகிறார்கள். அது சரியான ஒதுக்கீடே. மயக்கத்தில் ஐந்து நிமிடம் தடுமாறினாலும் பெரும்பாலும் பயணி எழுந்து உட்கார்ந்துவிடுவார். இதயம் நின்றவருக்கு அந்த ஐந்து நிமிடம் திரும்பக் கிடைக்காது.

முதல் படி: கேபின் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

விமானம் 35,000 அல்லது 40,000 அடியில் பறந்தாலும், கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள ஒரு மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. 8,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. நலமாக உள்ளவருக்கு இது தெரிவதேயில்லை. நுரையீரல் நோயோ இதய நோயோ இரத்தசோகையோ உள்ளவருக்கு, தரையில் சமாளித்துக்கொண்டிருந்த உடல் இங்கே தடுமாறத் தொடங்குகிறது. அழுத்தம் குறைவதால் உடலுக்குள் அடைபட்ட வாயுவும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரிகிறது; வயிற்று உப்புசம், காதுவலி ஆகியவை முதல், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் கடுமையான வலி வரை பலவற்றுக்கும் இதுவே காரணம். இவற்றோடு வறண்ட காற்று, நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருத்தல், குடித்த மது, உறக்கமின்மை எல்லாம் சேர்ந்தபின் ஒருவர் சட்டென்று எழுந்து கழிவறைக்கு நடந்தால் மயங்கி விழுவதில் வியப்பில்லை.

இந்த அடிப்படையை மனத்தில் பதித்துக்கொண்டால், மூச்சுத் திணறுபவருக்கு ஆக்ஸிஜன் கொடுப்பதும், விமானியிடம் சற்றுத் தாழப் பறக்க இயலுமா என்று மருத்துவர் கேட்பதும் ஏன் என்று தானாக விளங்கும்.

இரண்டாம் படி: எது எங்கே இருக்கிறது என்பதை விரலுக்குப் பழக்குங்கள்

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆறாம் இணைப்பு, விமானத்தில் இருக்க வேண்டிய மருத்துவப் பொருட்களைக் குறிப்பிடுகிறது. முதலுதவிப் பெட்டிகளின் எண்ணிக்கை இருக்கைகளைப் பொறுத்தது: 100 பயணிகள் வரை ஒன்று, 200 வரை இரண்டு, 300 வரை மூன்று என்று ஏறி, 500-க்கு மேல் ஆறு. தொற்று அபாயமுள்ள இரத்தம், வாந்தி போன்றவற்றைக் கையாளக் கையுறை, முகக்கவசம், திரவத்தை உறையச் செய்யும் தூள், கழிவுப் பை ஆகியவை கொண்ட தனிப் பெட்டி ஒன்று உண்டு. 100-க்கு மேற்பட்ட இருக்கைகளோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பறக்கும் விமானத்தில் மருத்துவர் பயன்பாட்டுக்கான அவசர மருத்துவப் பெட்டியும் இருக்க வேண்டும். அதில் ஊசி மருந்துகள், ஊசிக்குழல்கள், இரத்த அழுத்தமானி முதலியவை முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கும். அதை யார் திறக்கலாம், யார் அனுமதி வேண்டும் என்பதை உங்கள் நிறுவனத்தின் கையேடு சொல்லும். அந்தப் பக்கத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

இதயத் துடிப்பை ஆராய்ந்து, தேவையானால் மின்னதிர்ச்சி தரும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் எனப்படும் ஏ.ஈ.டி. கருவியை அமெரிக்க விதிகள் 2004 முதல் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கின. விதி கட்டாயப்படுத்தாத இடங்களிலும் பல நிறுவனங்கள் அதைத் தாமாகவே வைத்திருக்கின்றன. இதற்கு அடுத்தது கையில் எடுத்துச் செல்லும் ஆக்ஸிஜன் சிலிண்டர். பரவலாகப் பயன்படும் 310 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் 77 நிமிடங்களுக்கும், 2 லிட்டர் வீதம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்கும் வரும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்தான், மீதிப் பயணத்துக்குச் சிலிண்டர்கள் போதுமா என்று விமானி கேட்கும்போது பதில் சொல்ல முடியும். ஆக்ஸிஜன் திறந்திருக்கும் இடத்தில் எண்ணெய், களிம்பு, உதட்டுச் சாயம் ஆகியவை தீ அபாயம் தருபவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

விமான வகை மாறும்போது இவற்றின் இடமும் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்களில்கூட ஏ.ஈ.டி. ஒன்றில் முன்கதவின் அருகிலும் மற்றொன்றில் நடுப்பகுதித் தலைமேல் பெட்டியிலும் இருக்கலாம். புறப்படுமுன் செய்யும் சோதனையில் முத்திரை உடையாமல் இருக்கிறதா, ஏ.ஈ.டி.யின் தயார்நிலை விளக்கு சரியாக இருக்கிறதா, சிலிண்டரின் அழுத்தமானி நிறைவைக் காட்டுகிறதா என்று கண்ணால் பார்த்துப் பட்டியலில் குறிப்பதோடு நிற்காமல், பிடியிலிருந்து கழற்றும் கொக்கியைக் கையால் தொட்டுப் பாருங்கள். பதற்றத்தில் மூளை மறப்பதைக் கை மறப்பதில்லை.

மூன்றாம் படி: சி.பி.ஆர். என்பது உடற்பயிற்சியும்தான்

பதிலளிக்காதவர், இயல்பாக மூச்சு விடாதவர் என்ற இரண்டும் சேர்ந்தால், மார்பை அழுத்தியும் மூச்சு ஊதியும் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். மூச்சைக் காதால் கேட்டு முடிவு செய்ய முயலாதீர்கள். என்ஜின் இரைச்சலில் மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பே பெரும்பாலும் பயன்படாது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்கு மிகாமல் பாருங்கள். இடையிடையே வாய் திறந்து விக்குவதுபோல் இழுக்கும் மூச்சு, மூச்சு அல்ல. அதை நம்பிக் காத்திருப்பதுதான் புதியவர்கள் நேரத்தை இழக்கும் முதல் இடம்.

பெரியவருக்கு மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுமையாக எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். தான் களைக்கவில்லை என்று நினைப்பவரின் அழுத்தமும் அதற்குள் ஆழம் குறைந்துவிடும். இருக்கையில் உட்கார்ந்த நிலையில் இருப்பவருக்குச் சி.பி.ஆர். பயன் தராது. அக்குளின் கீழே ஒருவரும் முழங்காலின் கீழே ஒருவரும் பிடித்து நடைபாதைக்கு இறக்கி, முடிந்தால் கதவருகே அல்லது உணவு தயாரிக்கும் பகுதியிலுள்ள திறந்த இடத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும். நடைபாதையை விட்டு நகர்த்தவே முடியாவிட்டால், நோயாளியின் தலைப்பக்கம் மண்டியிட்டு அழுத்தும் முறையைப் பயிற்றுநரிடம் கேட்டுப் பழகுங்கள். கழிவறையில் விழுந்தவரை வெளியே கொண்டுவருவதும், கதவை வெளியிலிருந்து திறப்பதும் தனிப் பயிற்சிக்கு உரியவை. குழந்தை, கைக்குழந்தை பொம்மைகளிலும் கட்டாயம் பழகுங்கள், ஏனெனில் கையின் இடமும் விசையும் வேறு.

ஏ.ஈ.டி. வந்தவுடன் அழுத்தத்தை நிறுத்தாமலேயே ஒட்டுப்பட்டைகளை ஒட்ட வேண்டும். சி.பி.ஆர். இல்லாத நிலையில், மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. மார்பு ஈரமாக இருந்தால் துடையுங்கள். ரோமம் மிகுந்தால் பெட்டியிலுள்ள சவரக் கத்தியைப் பயன்படுத்துங்கள். கருவி ஆராயும்போது யாரும் தொடக்கூடாது. விமானக் குலுக்கலே சில சமயம் ஆய்வைக் குழப்பும் என்பதால், அது மீண்டும் கேட்டால் பதறாதீர்கள். அதிர்ச்சி தருமுன் ஆக்ஸிஜனை அப்பால் நகர்த்துங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "அதிர்ச்சி தேவையில்லை" என்று கருவி சொன்னால் நோயாளி நலமாகிவிட்டார் என்று பொருளல்ல. மின்னதிர்ச்சியால் திருத்தக்கூடிய துடிப்பு இப்போது இல்லை என்றுதான் பொருள். அவர் மூச்சு விடத் தொடங்காதவரை உடனே மீண்டும் அழுத்தத் தொடங்க வேண்டும்.

நான்காம் படி: அடிக்கடி வருபவை

மயங்கியவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். சூழ இருப்பவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்ய விரும்புவார்கள். படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலோர் சில நிமிடங்களில் தெளிவார்கள். தெளியாதவர், மார்புவலி சொல்பவர், கருவுற்றிருப்பவர் ஆகியோர் உடனே தரை மருத்துவரின் கவனத்துக்கு உரியவர்கள்.

மூச்சுக்குழாயில் உணவு சிக்கி இருமக்கூட முடியாதவருக்கு, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து அடி, பிறகு வயிற்றில் ஐந்து உந்தல் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கருவுற்றவருக்கும் கைக்குழந்தைக்கும் வயிற்றை அல்ல, மார்பை அழுத்த வேண்டும். வலிப்பு வந்தவரின் வாயில் எதையும் திணிக்காமல், தலையில் அடிபடாமல் காத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசர நிலை. சர்க்கரை நோயாளி குழப்பமாகப் பேசி வியர்த்தால், விழுங்க முடிகிறவருக்கு மட்டுமே இனிப்பு. முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பக்கவாதம் என்று கருதி, அவர் கடைசியாக இயல்பாக இருந்த நேரத்தை எழுதிவையுங்கள். மருத்துவமனையின் சிகிச்சை முடிவே அந்த நேரத்தைப் பொறுத்தது. மூக்கில் இரத்தம் வந்தால் முன்னால் குனியச் செய்து மென்பகுதியைப் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்ப்பது தவறு. சூடான பானம் கொட்டிய தீப்புண்ணுக்கு இருபது நிமிடம் குளிர்ந்த நீர். பனிக்கட்டியை நேராக வைக்கக் கூடாது.

விமானியே செயலிழக்கும் நிலையும் இந்தப் பயிற்சியில் அடங்கும். அவரைக் கட்டுப்பாட்டுக் கருவிகளிலிருந்து பின்னுக்கு இழுத்து, தோள்பட்டைப் பட்டியைப் பூட்டி, இருக்கையைப் பின்தள்ளிச் சாய்த்து, ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும். சிகிச்சையைவிட, கட்டுப்பாட்டுத் தண்டின் மேல் அவர் சரிந்துவிடாமல் தடுப்பதே அங்கே முதன்மை.

ஐந்தாம் படி: மூன்று பேர், மூன்று வேலை

பயிற்சி பெற்ற ஒருவர் தனியாக எல்லாவற்றையும் செய்ய முயன்றால் எதுவும் முழுமையாக நடக்காது. முதலில் பார்த்தவர் நோயாளியை விட்டு நகரக் கூடாது. கருவியை எடுக்கத் தானே ஓடக் கூடாது. இரண்டாமவர் ஏ.ஈ.டி., ஆக்ஸிஜன், பெட்டி ஆகியவற்றைக் கொண்டுவருகிறார். மூன்றாமவர் இன்டர்காமில் விமானியறைக்குச் செய்தி சொல்லி, நேரத்தையும் செய்தவற்றையும் எழுதுகிறார். எஞ்சியவர்கள் கேபினைக் கவனிக்கிறார்கள்: பக்கத்து இருக்கையினரை இடம் மாற்றுவது, போர்வையை மறைப்பாகப் பிடிப்பது, கைப்பேசியில் படம் எடுப்பவரைத் தடுப்பது. இவை சிறு வேலைகள் என்று எண்ணிவிட வேண்டாம். கூட்டம் விலகாவிட்டால் கருவி வந்து சேராது.

மருத்துவர் பயணி கிடைத்தால் பெருந்துணைதான். முன்பு சொன்ன ஆய்வில் ஏறத்தாழ பாதி நிகழ்வுகளில் மருத்துவர் ஒருவர் உதவியிருக்கிறார். 1995-இல் ஹாங்காங்கிலிருந்து லண்டன் சென்ற விமானத்தில், நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைபட்டுத் திணறிய பயணிக்கு அறுவை மருத்துவர் ஒருவர் கோட் மாட்டும் கம்பி, தண்ணீர் பாட்டில், மருத்துவப் பெட்டியிலிருந்த குழாய் ஆகியவற்றைக் கொண்டே காற்றை வெளியேற்றி உயிர் காத்தார். ஆனால் மருத்துவர் இல்லாத மற்றப் பாதி உங்கள் பொறுப்பு. வருபவர் எத்துறை மருத்துவர் என்று கேளுங்கள், இயன்றால் சான்றைப் பாருங்கள். அவர் வந்தபின்னும் ஏ.ஈ.டி.யை இயக்குவது, ஆக்ஸிஜனைக் கணக்கிடுவது, விமானிக்குச் சொல்வது ஆகியவை உங்களிடமே இருக்கட்டும். தோல் மருத்துவரோ கண் மருத்துவரோ சி.பி.ஆர். செய்து பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

ஆறாம் படி: சொல்லும் முறை

பல நிறுவனங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் தரை மருத்துவ மையங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அங்குள்ள மருத்துவர் நோயாளியைப் பார்க்க மாட்டார். உங்கள் சொற்களைத்தான் பார்ப்பார். "மிகவும் மோசமாக இருக்கிறார்" என்ற சொல்லால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "ஆண், வயது ஏறத்தாழ அறுபது, இருக்கை 23 சி, இருபது நிமிடமாக மார்பின் நடுவில் அழுத்தும் வலி, வியர்வை, விழிப்போடு பேசுகிறார், இதய நோய்க்கு மாத்திரை உட்கொள்கிறார், ஆக்ஸிஜன் நான்கு லிட்டர் கொடுத்திருக்கிறோம்" என்றால் அவரால் முடிவெடுக்க முடியும். ஆஸ்பிரின் போன்ற மருந்தைக் கொடுக்கலாமா என்பதும் இந்த உரையாடலில்தான் தீர்மானமாகும். உங்கள் பயிற்சி வகுப்பில் இந்த வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். பொம்மையின் மேல் அழுத்தப் பழகும் அளவுக்கு இதையும் பழக வேண்டும் என்பது என் கருத்து, ஆனால் பெரும்பாலான வகுப்புகள் இதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகின்றன.

விமானத்தைத் திருப்பும் முடிவு தலைமை விமானியுடையது. எரிபொருள், விமான எடை, ஓடுபாதையின் நீளம், வானிலை, அருகில் தக்க மருத்துவமனை உண்டா என்பவற்றை எல்லாம் அவர் எடைபோடுகிறார். உங்களிடமிருந்து அவருக்கு வேண்டியது பரிந்துரை அல்ல, புதுப்பிக்கப்பட்ட உண்மைகள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றத்தைச் சொல்லுங்கள். மாற்றம் இல்லை என்பதும் ஒரு செய்தியே.

பணிக்குழுவினர் யாரையும் இறந்துவிட்டதாக அறிவிப்பதில்லை. முப்பது நிமிடமோ அதற்கு மேலோ சி.பி.ஆர். செய்தும் உயிரின் அறிகுறி இல்லாமல், ஏ.ஈ.டி.யும் அதிர்ச்சி பரிந்துரைக்காத நிலையில் நிறுத்தலாம் என்பது விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டாவின் வழிகாட்டல். தொடர்வது மீட்பவருக்கு ஆபத்தாகும்போதும் நிறுத்தலாம்.

ஏழாம் படி: தரையில் ஒப்படைப்பதும் பிறகும்

மருத்துவக் குழு ஏறும்போது எழுதிய குறிப்பை அவர்களிடம் கொடுங்கள்: தொடங்கிய நேரம், கண்ட அறிகுறிகள், கொடுத்தவை, அதிர்ச்சிகளின் எண்ணிக்கை, ஒவ்வாமை, பயணியின் சொந்த மருந்துகள். மாத்திரைப் பையும் கடவுச்சீட்டும் அவரோடு போக வேண்டும். திறந்த பெட்டி, பயன்படுத்திய ஒட்டுப்பட்டை, குறைந்த சிலிண்டர் ஆகியவற்றைக் கேபின் பதிவேட்டில் எழுதாமல் இறங்காதீர்கள்; அடுத்த பயணக் குழு நிறைந்த பெட்டி என்று நம்பித்தான் கதவை மூடும். கடினமான நிகழ்வுக்குப் பிறகு அடுத்த பயணத்தில் பணியாற்ற இயலவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பயிற்சியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்க விதிகள் சி.பி.ஆர்., ஏ.ஈ.டி. பயிற்சியை 24 மாதங்களுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கச் சொல்கின்றன. ஆண்டுதோறும் நடத்தும் நிறுவனங்களும் உண்டு. கைத்திறன் அதற்கு வெகுமுன்பே, சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. ஆகவே சான்றிதழின் காலக்கெடுவை நம்பி இருக்காமல், பயிற்சி மையத்தில் பொம்மை கிடைக்கும்போதெல்லாம் இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள். புதிய விமான வகைக்கு மாறும் நாளில், பயணிகள் ஏறுமுன் ஏ.ஈ.டி. இருக்கும் இடம்வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.